எட்டுத் தேரும் ஒரு சக்கரமும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கூண்டில்லாத லாரி. கதவு இல்லை, கண்ணாடி இல்லை, கூரை இல்லை. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள், முன்னால் இயந்திரம், அதன் பின்னே ஒரு பலகை. பலகையின்மேல், தலையில் துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு ஓர் ஓட்டுநர். சூளகிரிக் காற்றும் மழையும் நேராக அவர் மார்பில் அறையும். ஆலையில் பிறந்த அந்தச் சட்டகம் தொப்பூர்க் கணவாயில் இறங்கி, சேலத்தைக் கடந்து, நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ கரூரிலோ ஒரு பட்டறையைச் சென்றடையும். அங்கே அதற்கு உடம்பு வாய்க்கும். 'பாடி கட்டுவது' என்று மக்கள் வழக்கில் இதற்குப் பெயர்.

உடம்பைக் கட்டும் உரிமை சிறு பட்டறைக்கு உண்டு. எலும்பைச் செய்யும் உரிமை ஆலைக்கு மட்டுமே உண்டு. பெரும்பாலோர் இந்தப் பங்கீட்டைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன், எங்கள் உறவில் மாமா முறையாகும் ஒருவரின் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்க்கும்வரை.

*

அவர் ஓசூர்ச் சிப்காட் வட்டாரத்து ஆலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசோக் லேலண்டின் லாரி ஆலையும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் ஓசூருக்கு வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான உதிரிபாகப் பட்டறைகள் முளைத்தன. தருமபுரி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

கொல்லையில் நான் கண்டது சதுரக் குழாய்களால் பற்றவைத்த ஒரு சட்டகம். இருவர் அமரக்கூடிய சிறு காருக்கானது. பெங்களூர்ப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நூல் ஒன்றிலிருந்த படங்களை வைத்துத் தொடங்கி, பிறகு தம் அளவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். மாருதி ஆம்னி வேனின் இயந்திரத்தையும் பின் அச்சையும் பொருத்துவது அவர் திட்டம். மாருதி 800-இலும் ஆம்னியிலும் இருப்பது ஒரே 796 சி.சி. இயந்திரம்தான். ஆனால் காரில் முன்சக்கரங்கள் இழுக்கின்றன, வேனில் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. அவர் வரைந்த சட்டகத்துக்குப் பின்சக்கரம் தள்ளுவதே பொருந்தும். இந்த நுட்பத்தை எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, நல்ல கவிதை ஒன்றைப் பாடம் சொல்லும் ஆசிரியர் சிலரிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

வீட்டில் சட்டகம் செய்வதென்றால் இரும்பை வாங்கிவந்து ஒட்டுவது என்றே நான் எண்ணியிருந்தேன். அவரோ முதல் பத்து நாட்கள் இரும்பைத் தொடவே இல்லை. சமதளமான ஒரு மேடையைச் செய்தார். ரசமட்டம் வைத்து, தகடு தகடாக அண்டை கொடுத்து, மேடையின் நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மேடை கோணினால் சட்டகம் கோணும். சட்டகம் கோணினால் நான்கு சக்கரங்களும் நான்கு திசை பார்க்கும். அதன்பிறகே மேடைமேல் கோடுகள் வரைந்து, குழாய்களை அறுத்து, கட்டைகள் அடித்து நிறுத்தினார். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே நாடாவைப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்ப்பதை ஒவ்வொரு நாளும் காலைக்கடன்போலச் செய்தார்.

பற்றவைப்பிலும் ஒழுங்குண்டு. முதலில் எல்லா மூட்டுகளிலும் பொட்டுவைப்பதுபோலச் சிறு 'டேக்' மட்டுமே. முழுச் சட்டகமும் பொட்டுகளால் நின்று, அளவுகள் சரியென்று உறுதியான பிறகே முழுப் பற்றவைப்பு. அதையும் ஒரு மூலையிலிருந்து வரிசையாகச் செய்துகொண்டு போகக் கூடாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன்பக்கம் இழுக்கும். ஆகவே இங்கே ஒன்று வைத்தால் அடுத்தது அதற்கு எதிர்மூலையில் வைக்க வேண்டும். இழுப்பை இழுப்பால் ஈடுகட்டுவது. நாற்கோணமாக நிற்கும் சட்டத்தை எளிதில் நெளித்துவிடலாம்; குறுக்கே ஒரு குழாயிட்டு இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டால் இரும்பே முறிந்தாலன்றி அது நெளியாது. ஆகவே சட்டகம் முழுவதும் முக்கோணங்கள். முடிந்தபோது இரண்டுபேர் தூக்கிவிடக்கூடிய எடைதான் இருந்தது.

"இருவத்தெட்டு வருசம் ஒரே ஜாயிண்ட்தான் மாப்பிள்ளை வெச்சேன். எடதுபக்கம் மூணாவது கிராஸ் மெம்பர். ஒரு நாளைக்கு எத்தனைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். முழுசா ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அந்தச் சட்டகத்தில் இன்று ஈரத்துணி காய்கிறது. ஒரு பக்கம் அவரைக்கொடி ஏறியிருக்கிறது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினைத்துச் சிரித்தேன். பாரி மனமுவந்து ஈந்தான். இவருக்கு வேறு வழியில்லை.

*

வழியில்லாமற் போனது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு வண்டியைப் பதிவு செய்யச் சில படிவங்கள் வேண்டும். படிவம் 21 விற்பனைச் சான்று. படிவம் 22 சாலைத் தகுதிச் சான்று. அதைத் தரவேண்டியவர் தயாரிப்பாளர். கூண்டு தனியே கட்டப்படும் லாரி, பேருந்துகளுக்கு 22-அ என்று வேறொரு படிவம் உண்டு. அதில் ஒரு பகுதி சட்டகம் செய்த ஆலைக்கு, மற்றொரு பகுதி கூண்டு கட்டியவருக்கு. கரூர்ப் பட்டறைக்காரருக்குச் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. எங்கள் மாமாவுக்கு வைக்கவில்லை. தமக்குத் தாமே விற்பனைச் சான்று எழுதிக்கொள்ள முடியுமா? விசாரித்த இடத்தில், "கம்பெனி பேரு என்னங்க?" என்று கேட்டார்கள். "கம்பெனி இல்லைங்க, நாந்தான்" என்றிருக்கிறார். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே சிரித்தார்கள் என்று சொன்னார்.

தயாரிப்பாளராக ஆவதற்கும் வழி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் வண்டியின் முன்மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகளில் ஒன்றிடம் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். 2017 அக்டோபர் முதல் புதிய கார் வகைகளுக்கு மோதல் சோதனைகளும் கட்டாயமாயின. முன்னிருந்து ஒரு மோதல், பக்கவாட்டில் ஒரு மோதல். இலட்சம் கார்கள் செய்யப்போகும் ஆலை சில கார்களை உடைத்துக் காட்டலாம். அது நியாயமான விலை. வாழ்நாளில் ஒரே ஒரு கார் செய்பவன் எதை உடைத்துக் காட்டுவது? உடைத்துக் காட்டித் தேர்ச்சி பெற்றால் வீட்டுக்கு எதை ஓட்டிக்கொண்டு போவது?

சரி, புதிதாகச் செய்ய வேண்டாம், பதிவான பழைய வண்டி ஒன்றை வாங்கிச் சட்டகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்துத் தந்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எரிவாயுக் கருவி பொருத்துவது, அனுமதி பெற்று இயந்திரம் மாற்றுவது போன்ற சில விலக்குகள் உண்டு, சட்டகத்துக்கு இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கம் ஒன்றைத் தள்ளி, இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், முறையற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் என்று வகுத்தது.

ஆக, சட்டத்தின் கண்ணில் இரண்டே வகை மனிதர்கள். பல்லாயிரம் வண்டி செய்பவர் தயாரிப்பாளர். வாங்கி ஓட்டுபவர் உரிமையாளர். ஒன்றே ஒன்றைச் செய்து தானே ஓட்டுபவன் என்ற மூன்றாம் மனிதன் அதன் கற்பனையில் இல்லை.

*

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் சென்னையின் மீன்பாடி வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்கூட்டர் இயந்திரத்தை மூன்று சக்கர மிதிவண்டிச் சட்டத்தில் பற்றவைத்து ஓட்டியது அது. ஏழைத் தொழிலாளியின் அறிவுக்கூர்மைக்குச் சான்று என்று அதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் மிதிவண்டிக்கென்று செய்த நிறுத்தியை வைத்துக்கொண்டு, அரை டன் பாரத்தோடு இறக்கத்தில் வரும் அந்த வண்டிக்கு முன்னால் பள்ளிப்பிள்ளை ஒன்று குறுக்கே வந்தால் என்ன ஆகும்? பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடும் இல்லை. அடிபட்டவர் யாரிடம் போய் நிற்பார்? வட இந்தியக் கிராமங்களின் 'ஜுகாட்' வண்டிகளுக்கும் இதே கதைதான்.

பற்றவைப்பின் குறை கண்ணுக்குத் தெரியாது என்பதும் உண்மை. மேலே அழகான மணிவரிசையாகத் தெரியும் பற்று, உள்ளே குழாயோடு சேராமல் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம். பற்றுக்கு அருகே சூட்டினால் இயல்பு மாறிய இரும்பில் மயிரிழை விரிசல் தொடங்கி, ஆயிரம் குலுக்கல்களுக்குப் பிறகு ஒருநாள் வாய்பிளக்கும். அது தொப்பூர் இறக்கத்தில் நிகழ்ந்தால், செத்துப்போவது செய்தவன் மட்டுமல்ல. "என் வண்டி, என் உயிர்" என்ற வாதம் பொதுச்சாலையில் செல்லாது. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, வீட்டில் செய்த சட்டகத்தைச் சோதிக்க வேண்டும் என்பதுதான். சோதிக்கவே மாட்டோம் என்பதற்கு இது நியாயமாகாது. நம் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மீன்பாடி வண்டியையும் ரசமட்டம் வைத்துச் செய்த சட்டகத்தையும் பிரித்தறியும் கண் அதற்கு இல்லை. கண் இல்லாததாலேயே முன்னது திருட்டுத்தனமாக ஓடியது. பின்னது கொல்லையில் துருப்பிடிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாதவன் ஓட்டுகிறான், அஞ்சுபவன் நிறுத்திவிடுகிறான். பாதுகாப்பு என்ற நோக்கத்துக்கு நேர் எதிரான விளைவு இது.

*

1948-ஆம் ஆண்டில் நடந்த இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தருவது அதன் முதல் வேலை. பின்னாளில் அசோக் லேலண்டாகி, ஓசூருக்கும் வந்தது அதுதான். அதே ஆண்டு இங்கிலாந்தில் கோலின் சாப்மன் என்ற இளைஞர், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை வாங்கி, தம் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பிரித்துப்போட்டு, தம் விருப்பப்படி ஒரு வண்டியாக மாற்றினார். அந்தக் கொட்டகையிலிருந்து லோட்டஸ் நிறுவனம் பிறந்தது. 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன், மெல்லிய குழாய்ச் சட்டகத்தின்மேல் அமைந்த எளிய இருவர் கார். பாகங்களாகவே வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். 1996-இல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், அதையொத்த காரை 250 பவுண்டுச் செலவில் வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். ஓர் அங்குலச் சதுரக் குழாய், ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட், ஒரு பற்றவைப்புக் கருவி. எங்கள் மாமாவின் கையில் இருந்த நூல் அதுவே.

அங்கும் சாலை பொதுவானதுதான், உயிர் விலைமதிப்பற்றதுதான். ஆனால் 1998 முதல் ஒற்றை வண்டிச் சோதனை என்ற முறையை அவர்கள் வைத்திருந்தார்கள். 2009-இல் அது தனிவண்டி ஒப்புதல் முறையாக மறுவடிவம் பெற்றது. சில நூறு பவுண்டு கட்டணம் கட்டி வண்டியைக் கொண்டுபோனால், ஆய்வாளர் அந்த ஒரு வண்டியைப் பார்க்கிறார். நிறுத்தி பிடிக்கிறதா, திருப்பி இறுகுகிறதா, விளக்குகள் உரிய உயரத்தில் உள்ளனவா, புகையும் ஓசையும் அளவுக்குள் உள்ளனவா, நடந்து போகிறவர்மேல் பட்டால் கிழிக்கக்கூடிய கூர்முனை எங்காவது உண்டா என்று வரிசையாகச் சோதிக்கிறார். தேறாவிட்டால் குறையை எழுதித் தருகிறார். திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். பெரிய ஆலைக்குரிய மோதல் சோதனையைத் தனியொருவனிடம் கேட்பதில்லை. நியூசிலாந்திலும் குறைந்த எண்ணிக்கை வண்டிகளுக்கென்று தனிச் சான்றளிப்பு முறை இருக்கிறது.

நாம் இங்கிலாந்தல்ல, நம் சாலை வேறு, நம் ஒழுங்கு வேறு என்று சொல்லப்படும். அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் கை இல்லாத ஊர் நம்முடையது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

கோவையில் ஜி.டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார்; இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்பது அவர் கணக்கு. அரசு உரிமம் தரவில்லை, கார் நின்றுபோயிற்று. அதே கோவையில் கரிவர்தன், சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களின் காலத்திலிருந்தே கார்களைத் தம் கையால் வடிவமைத்துவந்தவர். 1988-இல் மாருதி 800 இயந்திரத்தை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். குறைந்த செலவில் அதில் பழகிய இளைஞர்கள் பலர். நரேன் கார்த்திகேயன் அவர்களில் ஒருவர். 1995-இல் கரிவர்தன் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் வீட்டுத்தயாரிப்புகளுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் எதுவென்று இந்த இருவர் கதையிலிருந்து தெரிகிறது. மூடிய பந்தயத் தடத்தில் ஓடலாம், அருங்காட்சியகத்தில் நிற்கலாம். பொறியியற் கல்லூரி மாணவர்கள் குழாய்ச் சட்டகம் செய்து போட்டிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். போட்டி முடிந்ததும் அவை கல்லூரிப் பட்டறையின் மூலைக்குத் திரும்புகின்றன. 2021-இன் இறுதியில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்து இரும்புக் கொல்லர் ஒருவர், பழைய பாகங்களைக் கொண்டு சுமார் அறுபதாயிரம் ரூபாயில் செய்த சிறு ஜீப் நாடெங்கும் பேசப்பட்டது. அதிகாரிகள் என்றைக்கேனும் அதை ஓடவிடாமல் தடுப்பார்கள் என்பதை உணர்ந்த ஆனந்த் மகிந்திரா, அதற்கு மாற்றாக ஒரு பொலேரோ தருவதாகச் சொன்னார். கொல்லரின் வண்டியைத் தம் ஆய்வுக்கூடத்தில் காட்சிக்கு வைக்க விரும்புவதாகவும் சொன்னார். 2022 ஜனவரியில் புதிய பொலேரோ அக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. தந்தவரின் பெருந்தன்மையை நான் ஐயுறவில்லை. ஆனாலும் அச்செய்தியைப் படித்தபோது ஏதோ நெருடியது. செய்தவனின் வண்டி காட்சிக்கு. ஆலையின் வண்டி சாலைக்கு. நாம் படைப்பாளியைக் கொண்டாடும் விதம் பெரும்பாலும் இதுதான். மாலை போடுவோம், வழி விடமாட்டோம்.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குத்தான் வருகிறேன்.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தருமபுரி பழைய தகடூர்; அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனைப் பாடிய ஔவையின் புறநானூற்றுப் பாடல் ஒன்று நம்மில் பலருக்கு மனப்பாடம். பகைவரை எச்சரிக்கும் பாடல் அது. எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், அவன் எத்தகையவன் தெரியுமா என்று கேட்டு, அவள் தேடிச்சென்ற உவமை யானையன்று, புலியன்று. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுக்க முயன்று செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரம்!

பள்ளியில் இதை வீரத்தின் பாடலாகப் படித்தேன். மாமாவின் கொல்லைப்புறத்தில் நின்றபோது அது வேலையைப் பற்றிய பாடலாகவும் தெரிந்தது. எட்டுத் தேர் செய்பவனும் ஒற்றைச் சக்கரம் செய்பவனும் ஒரே தச்சன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் எட்டுத் தேர் செய்வதை ஔவை இழிவாகச் சொல்லவில்லை. அந்த வேகத்தில் ஊறிய கை என்பதாலேயே அது ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும்போது அந்தச் சக்கரத்துக்கு அத்தனை மதிப்பு. எட்டுத் தேர் செய்யத் தெரியாதவன் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் அது வெறும் தாமதம்தான்.

ஓசூர் இன்று எட்டுத் தேர் செய்யும் ஊர். மொபெட்டும் லாரியும் செய்த ஊரைச் சுற்றி, 2021-க்குப் பிறகு மின் ஸ்கூட்டர் ஆலைகளும் எழுந்துவிட்டன. புதிய ஆலைகளில் பற்றவைப்பை இயந்திரக் கைகள் செய்கின்றன. மனிதக் கை பொத்தானை அழுத்துகிறது. இதனால் வந்த சோற்றையும் கல்வியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. வானம் பார்த்த பூமியில் இரண்டு தலைமுறைகளை அந்த ஆலைகள் கைதூக்கிவிட்டன. எங்கள் மாமாவின் பெண்கள் இருவரும் படித்தது இடதுபக்கத்து மூன்றாவது குறுக்குச் சட்டத்தின் பற்றவைப்பில்தான். ஆனால் ஒரே மூட்டை இருபத்தெட்டு ஆண்டுகள் வைத்த மனிதனுக்கு முழுமையான ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை எழுவதும், அதைச் செய்துமுடிக்கும் திறன் அவன் கையில் இருப்பதும், அவ்வாலைகளே தந்த கொடைகள். அந்தக் கொடையைப் பெற்றுக்கொள்ளும் படிவம்தான் நம்மிடம் இல்லை.

அந்தப் படிவம் எப்படி இருக்கலாம் என்று அவரையே கேட்டேன். அவர் சொன்னவை என் யோசனைகளைவிடக் கறாரானவை. நிறுத்தியும் திருப்பியும் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வண்டியிலிருந்து வெட்டாமல், ஒட்டாமல் எடுத்தவையாக இருக்க வேண்டும். சட்டகத்தை வண்ணம் பூசுவதற்கு முன்பே ஆய்வாளர் பார்க்க வேண்டும், ஏனென்றால் "பெயிண்ட் அடிச்சுட்டா எல்லா வெல்டிங்கும் நல்ல வெல்டிங்தான்." சக்கரம் பூட்டிய பின் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை என மூன்று கட்டச் சோதனை வேண்டும். செய்தவன் வாடகைக்கு விடக் கூடாது, சில ஆண்டுகள் விற்கவும் கூடாது. வேகத்துக்கு வரம்பு இருக்கலாம். பிறருக்கான காப்பீடு கட்டாயம். ஆண்டுக்கொருமுறை மறுசோதனை. இவற்றில் எது நடைமுறைக்கு ஒவ்வாதது? தனியொருவருக்குப் புனே தொலைவு என்றால், ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. ஆய்வாளரைப் பயிற்றுவிக்க ஓசூரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்; ஓய்வுபெற்று, திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நாடு முழுக்க இதைக் கேட்பவர்கள் சில நூறு பேர் இருப்பார்களா, அவர்களுக்காக ஒரு விதியா என்பது கடைசி ஆட்சேபம். எண்ணிக்கை குறைவு என்பதே இதை அனுமதிப்பதற்கான காரணம் என்பேன். சில நூறு வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது ஓர் அரசுக்குப் பெரிய சுமையல்ல. அந்தச் சில நூறு பேரில் ஒரு கரிவர்தன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலன்றி அனுமதியில்லை என்று சொல்வதும் சரியன்று. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. இருநூறு பிரதி அச்சிடும் இதழுக்கு எதற்கு இத்தனை பாடு என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம்.

அண்மையில் மீண்டும் அங்கே சென்றிருந்தேன். பேச்சுக்கிடையில் எழுந்துபோய், கொடியை ஒதுக்கிவிட்டு, நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து முன்மூலையில் பிடிக்கச் சொன்னார். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். மூன்று மழைக்காலம் கடந்திருக்கிறது. மேலே துரு படர்ந்திருக்கிறது. அளவு நூலளவும் மாறவில்லை.

"நிக்குது பாத்தீங்களா மாப்பிள்ளை" என்றார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார்.